கவிழ்த்துப் போட்ட பின்னம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஹால் சூப்பர்வைசர்களுக்கு,

நான் போகிற நாளில் மைக்கைப் பிடித்து உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், டீ குடிக்கிற நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள். பேப்பரை எப்படிக் கட்டுவது, கூடுதல் தாள் கேட்டால் எங்கே கையெழுத்து வாங்குவது என்பதெல்லாம் ஆபீஸிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாததை மட்டும் நான் எழுதுகிறேன்.

நான் ப்ளஸ் டூவோடு நின்றவள். இந்தப் பூந்தமல்லி டியூஷன் சென்டரில் யாருக்கும் எதையும் சொல்லித் தந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டில் பிள்ளைகள் எழுதுவார்கள், நான் பார்ப்பேன். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை. சின்ன வயதிலிருந்தே யாரும் என்னைப் பார்க்காத இடமாகத் தேடி நின்று, அங்கிருந்து எல்லோரையும் பார்த்துப் பழகியவள் நான். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நடக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கிற சூப்பர்வைசர் பாதி ஹாலைத்தான் பார்க்கிறாள். அதனால் போகிறேன்.

இதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் சட்டையைப் புரட்டிப் பார்த்து, பழுது இருக்கிற இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப நேரம் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டாமல் இருந்தால் சட்டையெல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள், செக்கிங்காரி தூங்குகிறாள் என்பார்கள். அதனால் மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டதும் நல்ல சட்டையிலும் ஓர் அம்பு ஏறும். அது போகும், பிரித்துத் தைத்துத் திரும்பி வரும். சட்டைக்கு வலிக்கப்போவதில்லை.

இங்கே வந்த பிறகும் அதே செருப்புச் சத்தம்தான். டெஸ்ட் முடிந்ததும் டைரக்டர் சார், அதாவது இந்த சென்டரை நடத்துகிறவர், கேட்கிற முதல் கேள்வி: "இன்னைக்கு யாராச்சும் மாட்டினாங்களா?" இல்லை சார் என்று சில வாரம் தொடர்ந்து சொல்லிப் பாருங்கள். "அப்ப கேமராவே போதும் போல, ஆள் எதுக்கு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் ஹாலுக்குள் போகும்போது உங்கள் கண் மாறியிருக்கும். போன வாரம் சாதாரணமாகக் கொட்டாவி விட்ட பிள்ளை இந்த வாரம் சைகை காட்டுவதுபோலத் தெரியும்.

என்னோடு ஹாலில் நின்றவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் அவர் கண்டக்டர் அண்ணன்தான். வேலைக்கு வந்த புதிதில், திருடனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"டிக்கெட் எடுக்காதவன் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டாம்மா. ஜன்னலுக்கு வெளிய அவ்ளோ அக்கறையா பாத்துகினு வருவான். போற வர்ற போர்டு ஒண்ணு வுடாம படிப்பான்."

"அப்ப சுலபம்தானே அண்ணே."

"இன்னா சுலபம்? ஜன்னலாண்ட பாக்கறவன்லாம் டிக்கெட் எடுக்காதவனா? எடுத்தவனும் தான் பாப்பான். காத்து வாங்க வாணாமா அவன்? அங்கதான் தொல்ல."

இந்தப் பேச்சை மறக்காதீர்கள். சொன்னவரே ஒரு நாள் அதை மறந்துவிட்டார். அதுதான் நான் எழுத வந்த கதை.

அதற்கு முன்னால் சின்னதாக ஒன்று. ஒரு பையன் டெஸ்ட் நடக்கும்போது தன் ஷூவையே குனிந்து குனிந்து பார்த்தான். பிட்டு ஒளித்திருக்கிறான் என்று, அப்போது என்னோடு நின்ற ஒரு சூப்பர்வைசர் ஹால் நடுவிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார். அடிப்பகுதி பிய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தான். அது கழன்றுவிடுமோ என்று பார்த்திருக்கிறான். மொத்த ஹாலும் அந்த ரப்பர் பேண்டைப் பார்த்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு வரவில்லை. சந்தேகம் வந்தால் வரட்டும், வராவிட்டால் இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை. ஆனால் பிள்ளையை வெளியே அழைத்துப்போய்க் கேளுங்கள். ஷூவை எல்லோர் முன்னாலும் கழற்ற வைக்காதீர்கள்.

இனி பின்னத்தின் கதை.

எங்கள் மேத்ஸ் சார் சின்ன வயசுக்காரர். கெட்டிக்காரர். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதைப் பிடிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு விளக்கினார்.

"அக்கா, அண்ணே, இன்னைக்கு ரெண்டு செட் பேப்பர். ஏ, பி. பக்கத்து பக்கத்துல உக்கார்றவங்களுக்கு மாத்தி மாத்திக் குடுங்க. பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா அஞ்சாவது கணக்குல மட்டும் ஒரு வேலை பண்ணியிருக்கேன்."

ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பி செட்டில் (3/2)ˣ = 27/8. மூன்றின் கீழ் இரண்டை அதனாலேயே மூன்று முறை பெருக்கினால் இருபத்தேழின் கீழ் எட்டு. அதனால் x மூன்று. எனக்கே புரிந்தது. ஏ செட்டில் பின்னத்தைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். (2/3)ˣ = 27/8.

"ரெண்டின் கீழ் மூணு, அதாவது மூணுல ரெண்டு பங்கு. ஒண்ணை விடக் கம்மி. இதை இதாலயே பெருக்கிட்டே போனா கொறஞ்சுகிட்டே போகும். ஆனா அந்தப் பக்கம் இருக்கறது மூணுக்கும் மேல. கொறையற சாமான வெச்சு எப்படி ஏறுவீங்க? கவுத்தாத்தான் ஏறும். கவுத்தேன்னு சொல்றதுக்கு அடையாளம்தான் மைனஸ். அதனால இங்க பதில் மைனஸ் மூணு."

"அதாவது ஏ பேப்பர்காரன் சும்மா மூணுன்னு எழுதினா..." என்றார் கண்டக்டர் அண்ணன்.

"பக்கத்துல பி பேப்பரைப் பாத்துட்டான்னு அர்த்தம்."

"யோவ் சார், நீ பஸ்ஸுக்கு வந்திருக்கணும்யா. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆயிருப்ப."

மேத்ஸ் சார் வெட்கத்தோடு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வழியில் ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியவில்லை.

டெஸ்ட் நடந்தது. நான் ஜன்னல் பக்க வரிசைகள், அண்ணன் சுவர் பக்கம். அவர் பக்கத்தில் ஒரு பெஞ்சில் ஹேமா என்ற பெண்ணும், காட்டுப்பாக்கத்து ஃப்ளாட்டிலிருந்து வரும் ஒரு பையனும். ஹேமாவுக்கு ஏ, பையனுக்கு பி.

ஹேமாவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருமழிசையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் தாத்தா அங்கே வயல் வேலைக்குப் போனவர். அந்த வயல் இருந்த இடத்தில் இப்போது கம்பெனிகள். அம்மா அதில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். இந்த சென்டரில் சில அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக இடம் கொடுப்பார்கள். அதில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒழுங்கு தவறினால் இடம் போய்விடும் என்று சேரும்போதே அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வேறு எங்கும் போய்ப் படிக்க அவளுக்கு வழியில்லை. இந்த இடம் போனால் அவளுடைய இஞ்சினியரிங் ஆசையும் அதோடு போகும்.

மதியம் பேப்பரைக் கட்டிக்கொண்டிருந்தபோது வழக்கமான கேள்வியோடு டைரக்டர் சார் வந்தார்.

"ஒண்ணு கீது சார்," என்றார் கண்டக்டர் அண்ணன். "அந்தத் திருமழிசப் பொண்ணு. பக்கத்துல திரும்பித் திரும்பிப் பாத்துகினு இருந்துச்சு. நான் மொறச்சேன். குனிஞ்சிக்கிச்சு. அப்புறம் மறுபடியும் திரும்புச்சு."

ஹேமாவின் தாளையும் அந்தப் பையனின் தாளையும் மட்டும் உருவி எடுத்தார்கள். மேத்ஸ் சார் ஐந்தாவது கணக்கைப் பார்த்தார். பையன் மூன்று என்று எழுதியிருந்தான். ஹேமாவும் மூன்று. மைனஸ் இல்லை.

கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். தலை திரும்பியது தெரிந்தது. கேமராவில் தலைதான் தெரியும், கண் எங்கே போகிறது என்பது தெரியாது. ஆனால் முடிவு செய்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்குத் தலையே போதும்.

ஹேமாவைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தவள் பையோடு வந்தாள்.

"பக்கத்துல பாத்து எழுதினியாம்மா?" என்றார் டைரக்டர் சார்.

"இல்ல சார்."

"உன் கேள்வில 2/3-தான இருக்கு. கணக்கு போட்ட எடத்துல 3/2-ன்னு எழுதியிருக்கே. அது எங்கேருந்து வந்துச்சு?"

ஹேமா தாளைப் பார்த்தாள். மேத்ஸ் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், 27/8-ஐ அடுக்கா எழுதினா 3/2 வரும்தான்" என்றார். ஆனால் சத்தம் இறங்கிவிட்டது. அவர் வைத்த பொறியில் முதல் தடவையே ஒன்று விழுந்திருக்கிறது. அதை அவரே திறந்துவிட அவருக்கு மனம் வரவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான், நிச்சயமில்லை.

"சரி, ஒண்ணு பண்ணுவோம்," என்றார் டைரக்டர் சார். "அதே மாதிரி வேற கணக்கு குடுங்க. இங்கயே போடட்டும். தெரிஞ்சிடும்."

நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். எனக்கும்தான். மேத்ஸ் சார் ஒரு தாளில் எழுதினார். (3/4)ˣ = 256/81.

ஹேமா நின்றபடியே மேஜைமேல் குனிந்து போட்டாள். 256/81 என்பதை 4/3-இன் நாலு அடுக்கு என்று பிரித்தாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினாள். கேள்வியை இன்னொரு முறை பார்த்தாள். பின்னத்தைக் கவிழ்த்தாள். x = −4 என்று எழுதி அடியில் கோடு போட்டாள். மைனஸை அழுத்தமாகப் போட்டிருந்தாள்.

"கரெக்ட்," என்றார் மேத்ஸ் சார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

ஹேமா நிமிர்ந்தாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்ப உனக்கு இது நல்லாத் தெரியும்," என்றார் டைரக்டர் சார். "தெரிஞ்சவ காலைல ஏன் மைனஸ் போடல? அந்தக் கணக்கை நீ போடல. அவன் போட்டதைப் பாத்து எழுதினதாலதான் மைனஸ் இல்ல."

ஹேமா காலையில் எழுதிய தாளை இழுத்துப் பார்த்தாள்.

"தலைகீழி போட மறந்துட்டேன் சார்," என்றாள் ஹேமா. தமிழ் மீடியத்தில் கவிழ்த்துப் போட்ட பின்னத்துக்கு அதுதான் பெயர்.

"காலைல மறந்துது, மத்தியானம் ஞாபகம் வந்துடுச்சு."

"வெளிய நின்னு யோசிச்சேன் சார். அப்ப தோணுச்சு."

"அம்மாவை நாளைக்கு வரச் சொல்லு."

நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பெண் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் தெரியாதவள், அதனால்தான் காலையில் பார்த்து எழுதினாள் என்று சொல்லியிருப்பார். சரியாகப் போட்டதால் தெரிந்தவள், அதனால் காலையில் எழுதியது அவளுடையதில்லை. எப்படிப் போட்டாலும் ஒரே தீர்ப்பு. அவள் பேனாவை எடுத்தபோதே அது முடிந்துபோன விஷயம். சோதனை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளையைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் உங்களையே கேளுங்கள்: இவள் என்ன பதில் சொன்னால் நான் விட்டுவிடுவேன்? அப்படி ஒரு பதில் உங்கள் மனதில் இல்லையென்றால் சோதிக்காதீர்கள். நேராகத் தண்டித்துவிடுங்கள். அதில் பாதி நேர்மையாவது இருக்கும்.

ஆனால் இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. சொல்ல எனக்கு வராது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சார், மத்த ஏ பேப்பரையெல்லாம் பாத்துட்டீங்களா?"

டைரக்டர் சார் திரும்பினார். நான் அந்த அறையில் இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோலப் பார்த்தார்.

"நீங்களும் திருமழிசைதானே?"

"ஆமா சார்."

"ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சார்."

"ம்," என்றார். அந்த 'ம்' என்மேல் ஒரு ஸ்டிக்கர் மாதிரி ஒட்டியது. கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் நினைத்தது தப்பு என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. ஹேமா காட்டுப்பாக்கத்துப் பெண்ணாக இருந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா? அன்று எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. அது நல்ல சந்தேகம். அது வரும்போது பேச்சை நிறுத்தாதீர்கள். சந்தேகத்தோடேயே பேசுங்கள்.

"பாத்துட்டா நல்லது சார்," என்றேன்.

மேத்ஸ் சார் கட்டை அவிழ்த்தார். ஏ தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதலில் வேகமாக. அப்புறம் மெதுவாக. ஒன்றைத் தனியாக வைத்தார். இன்னொன்றை அதன்மேல் வைத்தார். அந்தத் தனிக் கட்டு வளர வளர அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

"நெறையப் பேர் மைனஸ் போடல சார்."

"எல்லாரும் காப்பியா?" என்றார் டைரக்டர் சார்.

கண்டக்டர் அண்ணன் அந்தக் கட்டை வாங்கி, மேலே இருந்த பெயர்களைப் படித்தார். மூன்றாவது தாளில் நின்றார்.

"இன்னா சார் இது. இது நம்ம கட்டுக்கால் பையன் ஆச்சே."

பைக்கில் விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்த பையன். பெஞ்சில் காலை மடக்க முடியாது என்று கதவோரம் தனி நாற்காலி போட்டு, பரீட்சை அட்டை கொடுத்து எழுத வைத்திருந்தோம். அவனுக்கு முன்னாலும் பக்கத்திலும் யாரும் இல்லை.

"இவனும் மூணுதான் எழுதிகீறான்," என்றார் அண்ணன். "இவன் எவனப் பாத்து அடிச்சான்? செவுத்தப் பாத்தா?"

அவரே மெதுவாகச் சொன்னார்: "அப்ப காப்பி அடிச்சாலும் மூணு வரும். அடிக்காம மறந்தாலும் மூணுதான் வரும். இன்னா சார் நீ, இத வெச்சி எப்டி ஆளப் புடிக்கறது?"

மேத்ஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மைனஸைத்தான் அண்ணே எல்லாரும் மறப்பாங்க," என்றார். "க்ளாஸ்ல நானே நூறு தடவை சொல்லுவேன், மறக்காதீங்கன்னு. அதைப்போய் வெச்சிருக்கேன்."

அவர் தப்பு அதுதான். பிள்ளைகள் இயல்பாகத் தடுக்கி விழுகிற இடத்திலேயே திருடனுக்குக் குழி வெட்டியிருந்தார். யார் விழுந்தாலும் திருடன் மாதிரியே தெரியும். பாடம் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும், பிள்ளைகள் எங்கே விழுவார்கள் என்று அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

டைரக்டர் சார் அந்தத் தனிக் கட்டைத் தானும் வாங்கிப் பெயர்களைப் பார்த்தார். பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள். ஹேமாவின் அம்மாவைக் கூப்பிட்டால் இவர்கள் எல்லோருடைய அம்மா அப்பாவையும் கூப்பிட வேண்டும். கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, போகச் சொல்லுங்க. ஆனா கண்ணு வெச்சுக்குங்க."

கட்டுக்கால் பையனின் தாள் அவரை மாற்றியதா, அந்தப் பெற்றோர் வரிசை மாற்றியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

வெளியே வந்ததும் கண்டக்டர் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"கணக்கு தப்புன்னே வெச்சிக்கோ. ஆனா அந்தப் பொண்ணு திரும்புச்சும்மா. என் கண்ணால பாத்தேன். அத்தினி வருஷம் பஸ்ல நின்ன கண்ணு இது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

அன்று பஸ்ஸில் கூட்டமில்லை. ஹேமா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அண்ணன் சொன்ன பஸ் கதை ஞாபகம் வந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப தேங்க்ஸ் மிஸ்," என்றாள்.

"ஏன் திரும்பினே?"

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள், திறந்தாள், மூடினாள். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்.

"நானே போட்டேன் மிஸ். மூணுன்னுதான் வந்துச்சு. சத்தியமா நானே போட்டேன். ஆனா ஏதோ ஒதைச்சுது. சின்ன பின்னம், பெரிய விடை, எப்டி வரும்னு. மைனஸ் போடலாமா வேணாமான்னு இருந்துச்சு. அவன் என்ன போட்டிருக்கான்னு பாத்தேன். அவனும் மூணு. சரி, நமக்கு வந்ததுதான் கரெக்டுன்னு விட்டுட்டேன்."

"அவன் கேள்வியைப் பார்க்கலையா?"

"விடைதான் தெரிஞ்சுது மிஸ். அவனுக்கு வேற கேள்வின்னு எனக்குத் தெரியாது." அப்புறம் தானாகவே ஒரு சிரிப்பு சிரித்தாள், அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு. "பாக்காம இருந்திருந்தா மைனஸ் போட்டிருப்பேன்."

பஸ் குலுங்கிக்கொண்டு போனது. நான் என்ன நினைத்தேன் என்பதைத்தான் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதலில் கோபம் வந்தது. இவளுக்காக அந்த 'ம்'மை வாங்கிக்கொண்டேனே என்று. அடுத்தது, இப்போது சொல்வதாவது முழு உண்மையா என்ற சந்தேகம். பார்த்தேன் என்பதை ஒத்துக்கொண்டவள், நானே போட்டேன் என்பதைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கணக்கும் இல்லை.

நாளைக் காலை டைரக்டர் சாரிடம் இதைச் சொன்னால் அவள் இடம் போகும். விதிப்படி பார்த்தால் இது குற்றம்தான். ஆனால் அந்தப் பார்வையால் அவளுக்குக் கிடைத்தது என்ன? இருந்த மார்க்கும் போனது. தன்மேல் நம்பிக்கை இல்லாமல் பக்கத்துப் பையனை நம்பினாள். தமிழ் மீடியம், இலவச இடம், பக்கத்தில் இங்கிலீஷில் கேள்வி கேட்கிற பையன். அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்த நினைப்பு நன்றாகத் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்," என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டக்டர் அண்ணன் பெஞ்சுகளில் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் பசை டப்பாவைக் கீழே வைத்தார்.

"நீ ஒண்ணு மட்டும் சொல்லு. அது திரும்புச்சா, இல்லியா?"

"திரும்பினா அண்ணே."

"பாத்துச்சா?"

"பார்த்துதான் தப்பு பண்ணியிருக்கா. பார்க்கலைன்னா சரியாப் போட்டிருப்பா."

அவர் அதை மனதுக்குள் ஒரு முறை திருப்பிப் போட்டுப் பார்த்ததுபோல் இருந்தது.

"அப்ப நான் பாத்தது கரெக்டு."

"கரெக்டுதான் அண்ணே."

"அது போதும்மா எனக்கு," என்று டப்பாவை எடுத்துக்கொண்டார். "கண்ணு அவுட்டாயிடுச்சோன்னு பயந்துகினு இருந்தேன். மத்தத நீயே பாத்துக்கோ." அவர் ஆபீஸ் பக்கம் போகவில்லை. அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

கட்டுக்கால் பையன் அன்று வரவில்லை. கதவோரத்துத் தனி நாற்காலி காலியாக இருந்தது. ஹேமா வழக்கமான பெஞ்சுக்குப் போனபோது நான் அந்த நாற்காலியைக் காட்டினேன். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளைகள் அவளைத் தண்டித்திருப்பதாக நினைத்திருக்கலாம். தண்டனையும் அதில் கொஞ்சம் இருந்தது. மற்றபடி, அவளுக்குத் தோன்றுகிற மைனஸை அவள் போடட்டும், யாரையும் கேட்காமல் போடட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவள் அதற்குப் பிறகு தலையே தூக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். தூக்கினாள். கொஞ்சம் எழுதுவாள், நிமிர்ந்து திரும்புவாள். பார்க்க அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை. அவள் பார்த்தது என்னை. நான் சொல்லிவிட்டேனா, எப்போது சொல்லப்போகிறேன், கையில் எந்தத் தாளோடு டைரக்டர் சார் கதவைத் திறப்பார் என்று தேடுகிற பார்வை. வரிசைகளுக்கு நடுவே நின்று இத்தனை காலம் நான் பிள்ளைகளைப் பார்த்த பார்வை அதுதான். என் பக்கம் அது திரும்பி வந்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

சுவர்ப் பக்கத்து வரிசையிலிருந்து கண்டக்டர் அண்ணன் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.